மாடத்தில் அரசி, மேடையில் யார்?

படத்துக்குக் கண்ணாடி போடுவது எங்கள் வீட்டுத் தொழில். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலிருந்து ஜம்பட்டா வீதிப் பக்கம் நடந்தால் வரும் சிறு கடைகளில் ஒன்று எங்களுடையது. அப்பா தொடங்கினார், இப்போது நான் பார்க்கிறேன். கடைச் சுவரில் புனித அந்தோனியாரும் முருகனும் மடு மாதாவும் சரஸ்வதியும் அடுத்தடுத்து இருப்பார்கள். ஜூன் 13ஆம் திகதித் திருநாள் வரும்வரை அந்தோனியார் படத்துக்குத்தான் வேலை அதிகம். நவராத்திரி நெருங்கினால் சரஸ்வதி. இடையில் கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம், அந்தியேட்டிக்கு வைக்கும் படம். இவற்றுக்கு நடுவே எப்போதாவது வேறொரு வகைக் கடதாசி வந்து சேரும். நூற்றைம்பது வருடப் பழசான இலண்டன் பத்திரிகைப் பக்கம் அது.

அந்தப் பக்கங்களில் என்னை மிகவும் கட்டிப்போடுபவை, அரச குடும்பம் ஒபேரா பார்க்க வந்த இரவைக் காட்டும் படங்கள். ஒபேரா என்பது முழுக் கதையையும் பாட்டாகவே பாடி நடிக்கும் ஐரோப்பிய இசைநாடகம். மயான காண்டமோ நாட்டுக்கூத்தோ பார்த்து வளர்ந்தவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. எங்கள் அண்ணாவியாருக்கு மத்தளமும் சல்லரியும் போதும். அவர்களுக்கு மேடையின் முன் பெரிய வாத்தியக் குழு ஒன்று அமர்ந்திருக்கும்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி அப்படியொரு படத்தைக் கொண்டுவந்தா. இலண்டனில் இருக்கும் மாமா பழைய புத்தகக் கடையில் வாங்கி அனுப்பியதாம். மேசையில் விரித்ததும் கேட்டா: “அங்கிள், இதில ராணி எங்க இருக்கிறா?”

“ராணியை லேசா கண்டுபிடிக்கலாம் பிள்ளை. முதல்ல மேடை எங்க எண்டு தேடிப் பாருங்க.”

தேடினா. நடுவில் பட்டுத்திரை தொங்கும் பெரிய மாடம். அதில் முடியும் நாடாவும் அணிந்தவர்கள். கீழே நூற்றுக்கணக்கான தலைகள். மேடை படத்தின் ஓரத்தில் ஒரு கீற்றாகத்தான் தெரிந்தது. பாடகிகளை விரல் நுனியால் மறைத்துவிடலாம். சனம் முழுவதும் மேடைக்கு முதுகைக் காட்டி, மாடத்தைப் பார்த்து நின்றது.

இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அன்றைய இரவின் நாடகம் மேடையில் நடக்கவில்லை, மாடத்தில் நடந்தது. வரைந்தவருக்கு அது தெரியும். வாங்கியவர்களுக்கும் தெரியும்.

விளக்கு அணையாத அரங்கு

இப்படிப்பட்ட இரவுகளில் பேர்பெற்ற ஒன்று 1855 ஏப்ரல் 19. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனும் மனைவி யூஜெனியும் இங்கிலாந்துக்கு அரச விருந்தினராக வந்திருந்தார்கள். கிரிமியப் போரில் இரண்டு நாடுகளும் ஒரே பக்கத்தில் நின்று ருஷ்யாவோடு சண்டை பிடித்த நேரம். விக்டோரியா அரசியும் கணவர் அல்பேர்ட்டும் விருந்தினர்களை இலண்டன் கொவென்ட் கார்டன் ஒபேரா அரங்குக்கு அழைத்துப் போனார்கள். அன்றைக்கு மேடையில் பேத்தோவனின் ஃபிடேலியோ. அநியாயமாகச் சிறையில் அடைக்கப்பட்ட கணவனை, ஆண் வேடம் போட்ட மனைவி மீட்கும் கதை. ஆனால் சனம் காத்திருந்தது இரண்டு நாட்டுக் கீதங்களும் ஒலிக்க, இரண்டு முடிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் காட்சிக்காக. ஒரு தலைமுறைக்கு முன் ஒன்றையொன்று அழிக்கப் பார்த்த இரண்டு நாடுகள் இப்போது ஒரே மாடத்தில் நிற்கின்றன என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்ன இடம் ஒரு பாட்டரங்கு.

அந்த வருடத்து அரச வருகைகள் பற்றி இன்றும் ஒரு கதை சொல்வார்கள். மாடத்தில் சனத்துக்கு வணக்கம் சொல்லி முடித்ததும், அமரும் முன் யூஜெனி ஒரு கணம் பின்னால் திரும்பிக் கதிரை இருக்கிறதா என்று பார்த்தாராம். விக்டோரியா பார்க்கவில்லை. தான் அமரும் இடத்தில் கதிரை இருக்கும் என்பதில் பிறவி அரசிக்குச் சந்தேகமே வந்ததில்லை என்று கதையை முடிப்பார்கள். கதை எவ்வளவு உண்மையோ, அதைச் சொன்னவர்கள் எதைக் கவனித்தார்கள் என்பது தெளிவு. ஆயிரக்கணக்கான கண்கள் ஒரு பெண் எப்படி அமர்கிறாள் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தன.

இப்படிப் பார்க்க வசதியாகவே அந்த அரங்குகளைக் கட்டினார்கள். உள்ளே இருக்கைகள் குதிரை லாடம்போல வளைந்து, மாடிக்கு மேல் மாடியாக ஏறும். பக்க மாடத்தில் இருப்பவர் கழுத்தை வளைத்தால்தான் மேடை தெரியும். எதிர் மாடம் நேராகத் தெரியும். இன்று படம் தொடங்கியதும் விளக்கை அணைக்கிறோம், அன்று அப்படியில்லை. முதலில் மெழுகுவர்த்தி, 1817இலிருந்து கொவென்ட் கார்டனில் வாயு விளக்கு. நாடகம் நடக்கும்போதும் பார்வையாளர் பக்கம் வெளிச்சமாகவே இருந்தது. 1876இல் ஜேர்மனியின் பைரொய்த் நகரில் ஒபேரா இசையமைப்பாளர் வாக்னர் தம் அரங்கைத் திறந்து, பார்வையாளர் பக்கத்தை இருட்டாக்கினார். எல்லோரும் மேடையை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தப் பழக்கம் மெல்ல மெல்லத்தான் உலகெங்கும் பரவியது.

ஆகவே இந்தப் படங்களில் சனத்தின் முகம் தெளிவாகத் தெரிவது ஓவியரின் கற்பனை அல்ல. சனம் உண்மையிலேயே வெளிச்சத்தில்தான் இருந்தது. அரசியைப் பார்க்க வந்தவர்கள், தாங்களும் பார்க்கப்பட வேண்டும் என்று உடுத்தி வந்தவர்கள்.

நாங்கள் அறிந்த கூத்தில் இது தலைகீழ். எங்கள் கத்தோலிக்க நாட்டுக்கூத்தில் அரசன் மேடைக்கு வருவான். கட்டியகாரன் முன்னே வந்து வரவு சொல்ல, மன்னர் கொலுவுக்கு வருவார். மூவிராசாக்கள் நாடகத்தில் ஒருவரல்ல, மூன்று அரசர்கள். அந்த முடியைத் தரித்தவர் பகலில் கடலுக்குப் போனவராகவோ துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராகவோ இருப்பார். விடிய விடியச் சனம் அவரைத்தான் பார்க்கும், அவர் பாட்டைத்தான் கேட்கும். கொவென்ட் கார்டன் இரவைக் காட்டும் படங்களில் அரசி பார்வையாளர் பக்கம் அமர்ந்து, மேடைக்குரிய கவனத்தை முழுவதுமாகத் தன் பக்கம் எடுத்துக்கொள்கிறார்.

அந்த 1855 இரவைக் காட்டும் படங்களுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. அந்த இரவுக்கு ஒரு வருடம் ஆகுமுன், 1856 மார்ச் 5ஆம் திகதி, அந்த அரங்கு தீயில் எரிந்து போனது. இன்று இலண்டனில் நிற்பது 1858இல் திறந்த புதுக் கட்டடம். எரிந்துபோன அரங்கின் உட்புறத்தைக் காட்ட இன்று மிஞ்சியிருப்பவை ஓவியங்களும் இந்த அச்சுப் படங்களும்தான். கண்ணாடி போடுகிறவனுக்கு இது பெரிய விஷயம். கட்டடம் போய்விட்டது, கடதாசி நிற்கிறது.

அரசர் ஒபேராவுக்கு வரும் நேரம் எல்லோருக்கும் தெரியும் என்பதால், கொலை செய்ய நினைத்தவர்களுக்கும் அதுவே இடமானது. 1792 மார்ச்சில் சுவீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் தம் ஸ்டொக்ஹோம் ஒபேரா அரங்கில் நடந்த முகமூடி நடன விருந்தில் சுடப்பட்டு, சில நாளில் இறந்தார். அதே நெப்போலியனும் யூஜெனியும் 1858 ஜனவரி 14ஆம் திகதி பாரிஸ் ஒபேராவுக்குப் போனபோது வாசலில் குண்டுகள் எறியப்பட்டன. தெருவில் நின்ற சனத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள், நூற்றுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். பேரரசரும் மனைவியும் உயிர் தப்பி உள்ளே போய் மாடத்தில் நின்று முகம் காட்டினார்கள். 1875இல் திறந்த புதிய பாரிஸ் ஒபேராவில் அரசருக்குத் தனி வாசல் இருப்பதன் காரணம் இந்த இரவுதான்.

மரக்கட்டையில் வந்த செய்தி

செட்டியார் தெரு நகைக்கடைக்காரர் கல் பார்க்கும் லென்ஸ் ஒன்று என் மேசை லாச்சியில் இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் அதைக் கொடுத்து, படத்தின் நடுப்பகுதியைப் பார்க்கச் சொன்னேன். மயிர்போல ஒரு வெள்ளைக்கோடு மேலிருந்து கீழாக ஓடியது. “கிழிசலா அங்கிள்?” என்று பயந்துபோனா. கிழிசல் இல்லை. அது மரக்கட்டைகள் சேரும் பொருத்து.

இலண்டனில் 1842 மே மாதம் ஒரு படப் பத்திரிகை தொடங்கியது. இல்லஸ்ரேட்டட் லண்டன் நியூஸ் என்று பெயர். செய்தியைப் படத்தோடு கிழமைக்குக் கிழமை தந்த முதல் பத்திரிகை அதுதான். 1869இல் கிராஃபிக் என்ற போட்டிப் பத்திரிகை வந்தது. புகைப்படத்தை நேரடியாக அச்சிடும் வழி அப்போது இல்லை. ஆகவே ஒவ்வொரு படத்தையும் மரத்தில் வெட்டினார்கள். அதற்கு எடுத்தது பொக்ஸ்வூட் என்ற மிக இறுகிய மரம். பலகையாக நீளவாட்டில் அறுக்காமல், குறுக்காக அறுத்த முகத்தில் கூரிய உளியால் கோடு இழுப்பார்கள். உளி பட்ட இடம் வெள்ளையாகும், படாத இடம் கறுப்பாக அச்சாகும்.

அந்த மரம் மெல்லியது, அடிமரம் கைச்சாண் அகலம்கூட வராது. இரண்டு பக்க அகலப் படத்துக்குப் பல சிறு கட்டைகளைப் பின்னால் மரையாணி போட்டு ஒன்றாக முடுக்குவார்கள். ஓவியம் முழுவதையும் அதன்மேல் தீட்டியபின், ஒருவர் பொருத்துகளைத் தாண்டும் கோடுகளை முதலில் வெட்டிவிடுவார். பிறகு கட்டைகளைக் கழற்றி ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். ஒருவர் வானம், ஒருவர் முகங்கள், ஒருவர் உடுப்பு. இரவிரவாக வெட்டி, விடியும்போது திரும்ப முடுக்கி, அதிலிருந்து செப்பு வார்ப்பு எடுத்து அச்சுக்கு அனுப்புவார்கள். திரும்ப முடுக்கும்போது நூலிழை இடைவெளி விழுந்தால், அதுதான் அந்த வெள்ளைக்கோடு. ஓர் அரசியின் முகத்தை ஒரு கை வெட்டியிருக்கும், அவர் அமர்ந்த மாடத்தின் திரையை இன்னொரு கை வெட்டியிருக்கும். படத்தின் மூலையில் ஓவியரின் பெயர் இருக்கலாம், பட்டறையின் பெயர் இருக்கலாம். வெட்டிய அத்தனை கைகளின் பெயரும் இருக்காது.

வாங்குகிறவர்களுக்கு இந்த அறிவு பயன்படும். லென்ஸில் பார்க்கும்போது கோடுகள் உளி இழுத்ததுபோல ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்தால் அது மரச்செதுக்கு. கரிக்கட்டி தேய்த்ததுபோல மணல்மணலாக இருந்தால் கல்லச்சு. ஒரே ஒழுங்கில் புள்ளி புள்ளியாக இருந்தால் அது புகைப்பட முறையில் வந்த பிற்கால நகல். பக்கத்தைத் திருப்பினால் பின்னால் ஆங்கிலச் செய்தி அச்சாகியிருக்க வேண்டும், அல்லது நடுவில் மடிப்புத் தடம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பளபளவென்று இருந்தால் யோசித்து வாங்குங்கள். இந்தப் பத்திரிகைப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் வந்தன. இப்போது விற்கும் வண்ணப் படங்களில் பலவற்றுக்கு வியாபாரிகள் பின்னால் கையால் நிறம் தீட்டியிருக்கிறார்கள்.

இளவரசர் எங்கள் பக்கம் வந்தபோது

இதே பத்திரிகைகளின் ஓவியர்கள் எங்கள் ஊருக்கும் வந்தார்கள். விக்டோரியாவின் மூத்த மகன் வேல்ஸ் இளவரசர் அல்பேர்ட் எட்வேர்ட், பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் மன்னர், 1875 டிசம்பர் 1ஆம் திகதி செராபிஸ் என்ற கப்பலில் கொழும்புக்கு வந்தார். கிரிமியப் போர்க்களத்தை வரைந்து பேரெடுத்த வில்லியம் சிம்ப்சன் அந்தப் பயணத்தை இல்லஸ்ரேட்டட் லண்டன் நியூஸுக்காக வரைந்தார். சிட்னி பிரையர் ஹோல் இளவரசரின் குழுவோடு ஓவியராகவே வந்தார். வில்லியம் ஹவார்ட் ரசல் அந்தப் பயணத்தின் நாட்குறிப்பை எழுதினார்; அது 1877இல் பெரிய நூலாக வந்தது.

இளவரசர் ரயிலில் கண்டிக்குப் போனார். எசல மாதம் அல்லாத டிசம்பரில் அவருக்காகவே பெரஹெர எடுத்தார்கள். யானைகளும் தீப்பந்தங்களும் கண்டிய ஆட்டக்காரரும் அவர் கண்முன் போனார்கள். டிசம்பர் 8ஆம் திகதி கொழும்புத் துறைமுக அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார். எங்கள் கொச்சிக்கடைக்குப் பக்கத்தில் இன்று நாம் காணும் துறைமுகத்தின் தொடக்கம் அந்தக் கல்தான். பிறகு தூத்துக்குடியில் இறங்கி, மதுரை, திருச்சிராப்பள்ளி பார்த்து, சென்னை போய்ச் சேர்ந்தார்.

சென்னையில் ஒபேரா மாளிகை கிடையாது. ஆகவே நகரத்துப் பெரியவர்கள் இராயபுரம் ரயில் நிலையத்தையே ஓர் இரவுக்கு அரங்காக்கினார்கள். 1856இல் திறந்த, தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் அது. உயர்ந்த தூண்களும் நீண்ட கூடமும் உள்ள கட்டடம். அதை விளக்கும் தோரணமுமாக அலங்கரித்து, இளவரசரை உயர்ந்த ஆசனத்தில் அமர்த்தி, அவர் முன்னால் சதிர் ஆட வைத்தார்கள். இன்று பரதநாட்டியம் என்கிறோமே, அதன் தாய் வடிவம். தேவரடியார் குலத்துப் பெண்கள் ஆடினார்கள், நட்டுவனார் தாளம் தட்டினார், பாட்டும் நடந்தது.

அந்தப் பயணத்தில் இளவரசர் பெரஹெரவும் ஆட்டமும் பார்த்த காட்சிகள் செதுக்குப் படங்களாகி, சில கிழமைகளில் இலண்டன் வீட்டு மேசைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்திருந்ததால் கப்பல் தபால் அவ்வளவு விரைவாகிவிட்டது. அவற்றில் சில இப்போது சுற்றிச் சுழன்று என் மேசைக்கு வருகின்றன.

பார்த்தால், கொவென்ட் கார்டன் படத்தின் அதே அமைப்பு. இளவரசரின் முகம் தெளிவாக இருக்கும், பக்கத்தில் நிற்கும் ஆளுநர், தளபதி முகங்களும் அடையாளம் தெரியும். ஆடுகிறவர்களுக்கு உடையும் நகையும் நுணுக்கமாக இருக்கும், முகங்கள் எல்லாம் ஒரே அச்சு. கீழே உள்ள வரியில் இளவரசரின் பட்டம் முழுதாக இருக்கும். ஆடியவர்களுக்கு ‘நாட்ச் பெண்கள்’, ‘பேயாட்டக்காரர்’ என்ற பொதுப்பெயர்தான். நான் கண்ணாடி போட்ட இப்படிப்பட்ட படங்களில் ஒன்றில்கூட ஆடிய ஒரு பெண்ணின் பெயரை நான் கண்டதில்லை.

இதை நினைத்தால் எனக்கு மனம் வலிக்கிறது. காலம் அப்படி என்று விட்டுவிட முடியவில்லை. ஏனென்றால் அதற்கு எண்ணூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே எங்கள் பக்கத்தில் ஓர் அரசர் இதை வேறு விதமாகச் செய்திருக்கிறார்.

தஞ்சைப் பெரிய கோவிலில் முதலாம் இராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்களைக் குடியமர்த்தினான். கோவிலில் ஆடவும் பாடவும் பல ஊர்க் கோவில்களிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். அவர்களின் பட்டியலைக் கல்லில் வெட்டச் சொன்னான். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன, அவளுக்கு எத்தனை பங்கு. தெற்குத் தளிச்சேரித் தென்சிறகில் முதல் வீட்டில் இருந்தவள் திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. ஆயிரம் வருடம் கழித்துக் கொச்சிக்கடையில் இருக்கும் நான் அவள் பெயரைச் சொல்ல முடிகிறது. அதே கோவிலில் இராசராசேச்சுர நாடகம் ஆடுவதற்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் கொடுக்க இரண்டாம் இராசேந்திரன் காலத்தில் ஏற்பாடு செய்த கல்வெட்டும் இருக்கிறது. நெல்லைப் பெறும் கூத்தனின் பெயரும் அதில் உண்டு.

அந்தப் பெண்களின் வாழ்க்கை எல்லாம் இனிமையாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் அரசாணைக்குக் கட்டுப்பட்டு இடம் மாறியவர்கள். ஆனால் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. அரசனின் பெயரைத் தாங்கிய அதே கல்லில் ஆடியவளின் பெயரும் இருக்கிறது. இராயபுரத்தில் ஆடியவர்களுக்கு இலண்டன் அச்சுக்கூடம் அதைக்கூடக் கொடுக்கவில்லை.

1863: இரண்டு இலங்கைகள்

ஒபேராவுக்கும் எங்களுக்கும் நேரடித் தொடர்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1863 செப்டெம்பர் 30ஆம் திகதி பாரிஸில் முத்துக் குளிப்போர் என்ற ஒபேரா மேடையேறியது. இசை அமைத்தவர் ஜோர்ஜ் பிசே. அப்போது அவருக்கு இருபத்துநாலு வயது. கதை நடக்கும் இடம் இலங்கைக் கரை. முத்துக் குளிக்கும் ஊரின் தலைவன் சூர்கா, நண்பன் நடீர், இருவரும் நேசிக்கும் பூசாரிணி லெய்லா. கதையை எழுதியவர்கள் முதலில் மெக்சிகோவை நினைத்து, பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். மன்னார்க் கடலில் உண்மையிலேயே முத்துக் குளித்தவர்கள் தமிழ் பேசும் பரதவரும் முஸ்லிம்களும். அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் குளிகாலத்தில் ஒரு நகரமே எழும்பி அடங்கும். பாரிஸ் மேடையில் அதில் எதுவும் இல்லை. இசை மிக அழகானது. நடீரும் சூர்காவும் சேர்ந்து பாடும் பாட்டு உலகத்தில் அதிகம் கேட்கப்படும் ஒபேராப் பாட்டுகளில் ஒன்று. ஆனால் அந்த இலங்கை, இலங்கையைக் காணாதவர்கள் செய்த இலங்கை.

அதே 1863இல் இலண்டனில் இன்னொரு நாடகம் அச்சாகியது. எங்கள் அரிச்சந்திரன் நாடகம் ஆங்கிலத்தில் வந்தது. மொழிபெயர்த்தவர் கொழும்புத் தமிழர் முத்துக் குமாரசுவாமி. சட்டநிரூபண சபை உறுப்பினர், கிறிஸ்தவரோ யூதரோ அல்லாதவராக இங்கிலாந்தில் பாரிஸ்டரான முதல் ஆள், 1874இல் சேர் பட்டம் பெற்றவர். கலைஞானி ஆனந்தக் குமாரசுவாமியின் தகப்பன். அவருடைய மருமகன்தான் சேர் பொன்னம்பலம் இராமநாதன். எங்கள் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோவிலை எழுப்பியவர் இராமநாதனின் தகப்பன் பொன்னம்பல முதலியார். பின்னர் அதைக் கருங்கல்லில் திரும்பக் கட்டியவர் இராமநாதன். தினமும் அந்தக் கோபுரத்தைக் கடந்துதான் நான் கடைக்கு வருகிறேன்.

முத்துக் குமாரசுவாமியின் வாழ்க்கையை எழுதியவர்கள் ஒரு செய்தி சொல்கிறார்கள். விக்டோரியா அரசியின் முன்னிலையில் அந்த நாடகம் நடந்தது என்றும், முத்துக் குமாரசுவாமியே அரிச்சந்திரனாக வேடம் கட்டினார் என்றும். 1861 டிசம்பரில் கணவர் இறந்தபின் விக்டோரியா பொது அரங்குகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். பின்னாளில் 1891இல் ஒபேராக் குழுவையே விண்ட்சர் கோட்டைக்கு வரவழைத்துப் பார்த்தார். ஆகவே அரிச்சந்திரன் அவர் முன்னால் நடந்திருந்தால், அரண்மனை வட்டத்துக்குள்தான் நடந்திருக்க வேண்டும். பத்திரிகை ஓவியர் எட்டாத இடம் அது.

நான் கண்ணாடி போட ஆசைப்படும் படம் ஒன்று உண்டென்றால் அதுதான். மாடத்தில் கறுப்பு உடுத்த அரசி, எதிரே நாட்டை இழந்து சுடலை காக்கும் அரசனாக நிற்கும் கொழும்புத் தமிழர். மேடையில் நிற்பவருக்கும் பெயர் இருக்கும் அரச நாடகப் படமாக அது இருந்திருக்கும். அதே அரிச்சந்திரனை எங்கள் காலத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்து மயான காண்டமாக ஆயிரக்கணக்கான மேடைகளில் பாடினார். எந்த அரசியும் பார்க்கவில்லை, ஊர் ஊராகச் சனம் பார்த்தது. அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அவருக்குப் பக்கத்தில் நின்று பாடியவர்கள், ஆர்மோனியம் வாசித்தவர்கள் எல்லோருடைய பெயரும் உங்களுக்கும் எனக்கும் தெரியுமா?

கடதாசியைக் காப்பாற்றுங்கள், பெயரையும்

எங்கள் பகுதியில் கடல் உப்புக் காற்று. கடதாசிக்கு அது நஞ்சு. பழைய படம் எதுவாக இருந்தாலும், கண்ணாடி நேராகப் படத்தில் படக் கூடாது. ஈரம் பட்டால் ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு உரித்தால் மையும் சேர்ந்து வரும். நடுவில் தடித்த மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்னால் ஹார்ட்போர்டில் பசை பூசி ஒட்ட விடாதீர்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகிக் கறையை விட்டுப் போகும். வெயில் விழும் சுவரும், குளியலறையோடு சேர்ந்த சுவரும் ஆகாது. பழைய பத்திரிகைத் தொகுப்பு முழுதாக உங்களிடம் இருந்தால், படத்துக்காகப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். முழுத் தொகுப்பு ஒரு காலத்தையே வைத்திருக்கிறது.

இன்னொரு வேலை இதைவிட அவசரம். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி வீடுகளில் இன்னும் பெட்டிகளுக்குள் படங்கள் இருக்கின்றன. 1920களில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் இலங்கை மேடைகளில் பாடிய நாடகங்களின் நோட்டீஸ், கோவில் திருநாளுக்குக் கூத்து ஆடியபோது எடுத்த படம், பள்ளிக்கூட நாடகக் குழுவின் படம், 1954 ஏப்ரலில் இரண்டாம் எலிசபெத் அரசி வந்தபோது வெளியான பத்திரிகைப் பக்கம். அரசியின் படம் எப்படியும் உலகத்தில் எங்காவது பத்திரமாக இருக்கும். அந்தக் கூத்தில் அரசனாக நின்ற உங்கள் தாத்தாவின் படம் உங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் இல்லை.

அப்படி ஒரு படத்தை என்னிடம் கொண்டுவருகிறவர்களிடம் கண்ணாடி அளவு எடுக்குமுன் நான் கேட்பது ஒன்றுதான்: இதில் நிற்பவர்கள் யார்? பாதிப் பேரைச் சொல்வார்கள், மீதிக்கு “அம்மாவிடம் கேட்க வேணும்” என்பார்கள். அம்மா இருக்கும்போதே கேளுங்கள். மென்மையான பென்சிலால், பேனாவால் அல்ல, படத்தின் பின்பக்கத்தில் அழுத்தாமல் எழுதுங்கள். நாடகத்தின் பெயர், ஊர், வருடம், இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரும். மத்தளக்காரரை விட்டுவிடாதீர்கள், திரை இழுத்தவரையும் விட்டுவிடாதீர்கள். அதன்பிறகு எந்தக் கடையிலென்றாலும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.